துப்பாக்கி விசைக்குச் சட்டம் எழுதுவது யார்?

அமெரிக்காவில் பதிவில்லாத மெஷின் கன் வைத்திருந்தால் பத்து ஆண்டுகள் வரை சிறை. சரி, எது மெஷின் கன் என்று கேட்டால், கடந்த இருபது ஆண்டுகளில் அரசே பலமுறை பதிலை மாற்றிச் சொல்லியிருக்கிறது. டெக்சாஸில் குடியிருப்பவன் என்ற முறையில் இந்தக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். சாதாரணத் துப்பாக்கியை மெஷின் கன் மாதிரி சுடவைக்கும் பம்ப் ஸ்டாக், எஃப்.ஆர்.டி. விசை போன்ற வேகச் சூட்டுக் கருவிகள் எதுவும் எனக்குப் பிடிக்காது. தடை செய்தால் சந்தோஷப்படுவேன். ஆனாலும் தடை செய்த விதம் தப்பு என்றுதான் நினைக்கிறேன்.

1934-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இதுதான்: விசையின் (டிரிக்கர்) ஒரே இயக்கத்தில், தானாகவே, ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டால் அது மெஷின் கன். 1986-க்குப் பிறகு புதிதாகத் தயாரான மெஷின் கன்னைப் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. இந்த வரையறைக்குள் எது வரும், எது வராது என்று முதலில் சொல்வது ஏ.டி.எஃப். என்ற மத்தியத் துறை. பெரும்பாலும் கடிதம் எழுதியே சொல்வார்கள். 2004-இல் ஒரு கடிதத்தில் 14 அங்குல ஷூ லேஸையே மெஷின் கன் என்று வகைப்படுத்தினார்கள். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுத் துப்பாக்கியில் மாட்டினால் தொடர்ந்து சுடுமாம். 2007-இல், லேஸ் தனியாக இருந்தால் குற்றமில்லை, துப்பாக்கியில் மாட்டினால்தான் குற்றம் என்று திருத்தினார்கள். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த சிக்கல் எல்லாம் இதே ரகம்தான்.

பம்ப் ஸ்டாக் என்பது துப்பாக்கியின் பின்கட்டைக்குப் பதிலாக மாட்டும் ஒரு பிளாஸ்டிக் கட்டை. சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும் அல்லவா, அந்த உதையில் துப்பாக்கி கட்டைக்குள் பின்னால் வழுக்கும். முன்கையால் அதை முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால், அசையாமல் வைத்திருக்கும் விரலில் விசை வந்து வந்து மோதும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான குண்டுகள். இது மெஷின் கன் இல்லை என்று ஏ.டி.எஃப். பத்துத் தடவைக்கு மேல் எழுத்திலேயே சொல்லியிருந்தது.

2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகஸில் மாண்டலே பே ஹோட்டலின் 32-ஆம் மாடி ஜன்னலிலிருந்து ஒருவன் இசை விழாக் கூட்டத்தின் மீது சுமார் பத்து நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். 60 பேர் இறந்தார்கள். அவன் துப்பாக்கிகளில் பம்ப் ஸ்டாக் மாட்டியிருந்தது.

அப்போது ஒரு சட்டத் திருத்தம் வந்திருக்க வேண்டும். துப்பாக்கி உரிமை அமைப்பான என்.ஆர்.ஏ.கூட இந்தக் கருவிகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று அறிக்கை விட்ட நேரம் அது. ஆனால் அதை ஏ.டி.எஃப். துறையே பார்த்துக்கொள்ளட்டும் என்றது அந்த அமைப்பு. சட்டத் திருத்தத்தைத் தவிர்க்கும் அந்தத் தந்திரம் பலித்தது. செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன், சட்டமாகச் செய்யாவிட்டால் நீதிமன்றத்தில் மாட்டிக்கொள்ளும் என்று எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. 2018 டிசம்பரில் டிரம்ப் அரசு வரையறைக்குப் புதுப் பொருள் சொல்லி விதி வெளியிட்டது. 2019 மார்ச் 26-க்குள் அழித்துவிடு, இல்லையேல் ஒப்படைத்துவிடு. முன்பு அரசுக் கடிதத்தை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவன், சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமலே குற்றவாளி ஆகிவிட்டான்.

ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன் இரண்டு பம்ப் ஸ்டாக்குகளை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14-இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி தாமஸ் தீர்ப்பிலேயே விசையின் உள்பாகங்களைப் படம் போட்டு விளக்கினார்: ஒவ்வொரு குண்டுக்கும் விசை ஒரு தடவை விடுபட்டு மறுபடி அழுந்துகிறது, ஆகவே ஒரே இயக்கம் இல்லை. மாற்றுத் தீர்ப்பு எழுதிய சோட்டோமயோர், வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரி கத்தினால் அதை வாத்து என்றுதான் சொல்வேன் என்றார். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. கருவி செய்யும் வேலையைப் பார்த்தால் சோட்டோமயோர். சட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் தாமஸ். ஒருவனைச் சிறைக்கு அனுப்பும் விஷயத்தில் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். வேண்டுமானால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாம் என்று நீதிபதி அலிட்டோ தனியாக எழுதியே வைத்தார். நான்கு நாள் கழித்து செனட்டர் மார்ட்டின் ஹைன்ரிக் தடை மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றக் கேட்டார். நெப்ராஸ்காவின் பீட் ரிக்கெட்ஸ் ஆட்சேபித்தார். அன்றோடு சரி.

எஃப்.ஆர்.டி. (ஃபோர்ஸ்டு ரீசெட் டிரிக்கர்) விசை இன்னும் குழப்பம். சாதாரண விசையில் அடுத்த குண்டுக்கு நீங்கள்தான் விரலைத் தளர்த்த வேண்டும். இதில் துப்பாக்கியின் உள்பாகம் பின்னால் வரும்போது சுத்தியல் என்ற பாகம் விசையை முன்னுக்குத் தள்ளிவிடும். விரலை அழுத்தியபடியே வைத்திருந்தால் மறுபடி சுடும். 2021-இல் ஏ.டி.எஃப். இதை மெஷின் கன் என்றது. 2023-இல் நியூயார்க்கின் மத்திய நீதிமன்றம் விற்பனைக்குத் தடை போட்டது. 2024 ஜூலையில் டெக்சாஸின் மத்திய நீதிமன்றம் அதே விசை மெஷின் கன் இல்லை என்றது. 2025 மே மாதம் அரசே இந்த விசையைத் தயாரிக்கும் ரேர் ப்ரீட் நிறுவனத்தோடு சமரசம் செய்து, பறித்த விசைகளைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மறக்கவே முடியாத ஷரத்து ஒன்று உண்டு: கைத்துப்பாக்கிக்கு இப்படி விசை செய்ய மாட்டோம், பொதுமக்கள் பாதுகாப்புக்காக எங்கள் காப்புரிமையை மீறுபவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று நிறுவனம் உறுதி தருகிறது. நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கு, தயாரிப்பாளரின் காப்புரிமை வழக்கறிஞர் தலையில்!

திருப்பித் தரக்கூடாது என்று நியூ ஜெர்சி, மேரிலாந்து உட்படப் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அடுத்த மாதமே வழக்குத் தொடர்ந்தன. நியூ ஜெர்சி உட்பட அவற்றில் பல இடங்களில் மாநிலச் சட்டப்படியே இந்த விசை வைத்திருப்பது குற்றம். என் அலுவலகத்தில் ஒருவர் இந்த விசை வைத்திருக்கிறார். வேலை மாற்றலில் நியூ ஜெர்சி போகப் போகிறார். "மத்திய அரசே விட்டுவிட்டதே, எடுத்துக்கொண்டு போனால் என்ன?" என்று கேட்டார். வக்கீலைப் பாருங்கள், அதற்கு முன்னால் அந்தச் சாமானை மூட்டை கட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.