டெல்டாக் குடும்பத்துக்கு எந்த முகாம் வண்டி?

கொள்ளிடக் கரையிலோ முத்துப்பேட்டைப் பக்கமோ குடும்பத்தோடு ஓரிரவு தங்கிவர வேண்டும் என்ற ஆசை நம் பக்கத்திலும் பலருக்கு வந்திருக்கிறது. அதற்கென்று வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, உள்ளே எத்தனை பேர் படுக்கலாம், ஏசி உண்டா, கழிப்பறை உண்டா என்பவற்றைத்தான். எந்தச் சாலையில் போகும், எந்த மண்ணில் நிற்கும், முகாமுக்குப் போகாத மாதங்களில் வீட்டுக்கு எப்படி உதவும் என்று முடிவு செய்த பிறகே படுக்கைக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால், வயதான தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு மாருதி ஈகோ போன்ற சிறிய வேனும், எடுத்து வைக்கக்கூடிய பலகைப் படுக்கையும், ஒரு கூடாரமும் போதும். அம்மாவும் பிள்ளைகளும் வண்டிக்குள், கணவனும் மனைவியும் கூடாரத்தில்.

முதலில் சாலை. டெல்டாவில் தங்குவதற்கு நல்ல இடங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைச் சாலையின் முடிவிலோ வாய்க்கால் மதகைத் தாண்டியோதான் இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். ஈகோவின் நீளம் 3,675 மில்லிமீட்டர், உயரம் 1,825 மில்லிமீட்டர். உயரக் கூரை போட்ட டெம்போ டிராவலரில் நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம், அது பெரிய வசதிதான். ஆனால் தாழ்ந்த புளியங்கிளையும் தொய்ந்த மின்கம்பியும் அந்த உயரத்துக்கு வழிவிடுவதில்லை. கொல்லிமலைக்குப் போக நினைத்தால், அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன.

அடுத்தது மண். நம் களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தை விடாது. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் அதுவே 100 கிலோ. அதோடு பேட்டரி, அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் சேர்ந்த கனத்த வண்டி ஐப்பசி, கார்த்திகையில் வயலோரம் இறங்கினால் டிராக்டர் வந்து இழுக்க வேண்டியதுதான். சம்பா அறுவடை முடிந்து தரை இறுகிய தையும் மாசியுமே நமக்கு முகாம் காலம். தோப்பில் தங்குவதானால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, காயும் மட்டையும் விழாத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும்; தென்னைக்கு அடியில் கூடாரம் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஏசி விஷயத்தில் கணக்கு எளிது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறத்தாழ 1.28 யூனிட் மின்சாரம் இருக்கும். 30 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் செலவு 0.3 யூனிட்தான், ஒரு டன் ஏசியோ ஒரு மணி நேரத்தைத் தாண்டியதும் பேட்டரியையே காலி செய்துவிடும். ஆகவே இரவு முழுவதும் குளிர் வேண்டுமென்றால் ஜெனரேட்டரையோ என்ஜினையோ ஓடவிட வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்ததற்கு ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடே காரணம். தை மாதப் பனியில் ஏசிக்கு வேலையில்லை. ஜன்னலுக்குக் கொசுவலைதான் அவசியம்.

பெரிய வண்டிக்காரர்களின் வலுவான வாதம் கழிப்பறை. பெண்களும் முதியவர்களும் வரும் பயணத்தில் இதை அற்பமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அதற்கென அமைந்த இடங்கள் நம் ஊர்களில் இல்லாத நிலையில், அது கடைசியில் ஏதாவது ஒரு வாய்க்காலில்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீர் வயலுக்கும் மாட்டுக்கும் போகிறது. கையில் தூக்கக்கூடிய மூடிய கழிப்பெட்டியும் அதைச் சுற்றி நிறுத்தும் சிறு மறைப்புக் கூடாரமும் வாங்கிக்கொண்டால், வீடு திரும்பியதும் நம் கழிப்பறையிலேயே கொட்டிக் கழுவிவிடலாம். இரவில் அம்மா வண்டியிலிருந்து இறங்க வேண்டியிருக்கும் என்ற குறை மட்டும் மிஞ்சுகிறது. படியும் கைவிளக்கும் வைத்து அதைச் சமாளிக்கத்தான் வேண்டும்.

பட்டறையில் இருக்கையைக் கழற்றிவிட்டு அலமாரியைப் பற்றவைத்துக் கொள்ளலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். மடக்கிய இருக்கைமேல் வைத்து எடுக்கும் பலகை வெறும் சாமான்தான், வண்டியில் செய்த மாற்றம் அல்ல. சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படுக்கை மட்டத்திலேயே தங்கும்.

ஈகோவுக்குக் குறை இல்லாமல் இல்லை. 2016இல் காற்றுப்பை இல்லாத ஈகோவை மோதவிட்டுச் சோதித்த குளோபல் என்கேப் என்ற வாகனப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. எனவே பழைய வண்டியை மலிவு என்று வாங்காமல், காற்றுப்பைகள் உள்ள புதிய வண்டியையே பார்க்க வேண்டும். மற்ற நாட்களில் அதே வண்டி நெல் மூட்டை ஏற்றும், கல்யாணத்துக்குப் போகும், அம்மாவைத் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும். கோடியக்கரை சரணாலயத்துக்குள் வெளிமான் பார்க்கப் போகிறவர்கள் எந்த வண்டி வைத்திருந்தாலும், வனத்துறை அனுமதியின்றி உள்ளே இரவு தங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து பத்துப் பேராகக் கிளம்புகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்கள் டிராவலரை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்து, இரண்டு மூன்று கூடாரங்களைக் கூரையில் கட்டிக்கொண்டு போவதே மேல்.