எச்டிஎம்எல் என்றால் ரெஜெக்ஸைத் தொடவே கூடாதா?

இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் கோப்பிலிருந்து, எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் ரெஜெக்ஸ் வைத்து எழுத்தைப் பிரித்தெடுக்கலாமா என்று யார் கேட்டாலும், "கூடவே கூடாது, பார்சர் போடு" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பார்சர் என்பது பக்கத்தின் கட்டமைப்பையே புரிந்துகொண்டு பிரித்துத் தரும் நிரல். சேலத்தில் படிப்பை முடித்துவிட்டு டேட்டா வேலைக்கு வருகிற பிள்ளைகள் இந்த வரியை அப்படியே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏன் கூடாது என்று கேட்டால் பதில் இல்லை. எப்போது கூடும் என்று கேட்டால் அதற்கும் இல்லை. கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கருவியை முடிவு செய்யச் சொல்லித் தருகிறோம். இது தப்பு என்று அழுத்திச் சொல்வேன்.

முதலில் கேட்க வேண்டியது, இந்தக் கோப்பை எழுதியது யார் என்பதைத்தான். ஒரே மென்பொருள் ஒரே அச்சில் எழுதித் தள்ளியதா, இல்லை பலபேர் பல காலத்தில் கையால் தட்டியதா? இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் பழைய வானிலைக் கருவி ஒன்று இருக்கிறது. அதன் மென்பொருள் நாளுக்கு ஒரு எச்டிஎம்எல் பக்கம் சேமித்து வைக்கும். விற்றவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள், எக்செல்லுக்கு மாற்றித் தர ஆளில்லை. அவருக்கு வேண்டியது பூ மழை விழுந்த தேதிகள். மார்ச், ஏப்ரலில் அந்த மழை கிடைத்தால் பத்து நாளுக்குள் காபி பூத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் என்பது தோட்டக்காரருக்குக் கணக்குப் புத்தகம் அளவுக்கு முக்கியம். பக்கங்களைத் திறந்து பார்த்தால் எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. மழை என்ற தலைப்பு, அடுத்த கட்டத்தில் எண், அவ்வளவுதான். இதற்குப் பார்சர் எதற்கு? பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரே வரி. தலைப்பைப் பிடி, நடுவில் வருவதை `.*?` (எது வந்தாலும், முடிந்தவரை குறைவாக) என்று சிக்கனமாகத் தாண்டு, எண்ணை அடைப்புக்குறிக்குள் பிடித்துக்கொள். தலைப்பும் எண்ணும் வெவ்வேறு வரிகளில் இருந்தால், கோப்பை முழுசாக ஒரே சரமாகப் படித்துக்கொண்டு ரெஜெக்ஸின் கடைசியில் எஸ் மாடிஃபையர் என்ற `s` எழுத்தையும் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பெர்லில் `.` என்ற புள்ளி வரிமுடிவைத் தாண்டாது.

ஆனால் இங்கே ஒன்றை மட்டும் விடவே கூடாது. பேட்டர்ன் (ரெஜெக்ஸில் எழுதிய தேடல் அமைப்பு) பொருந்தாத கோப்பின் பெயரைத் தனியாக அச்சிட வைக்க வேண்டும். சத்தமில்லாமல் தாண்டிப் போகிற நிரலில், மழை பெய்யாத நாளும் பிடிபடாமல் போன நாளும் ஒன்றாகிவிடும். ரெஜெக்ஸால் வரும் கெடுதல்களில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். எத்தனை கோப்பு உள்ளே போனது, எத்தனை வரி வெளியே வந்தது என்று எண்ணிப் பார்க்காமல் யாருக்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

சரி, கையால் எழுதிய பக்கங்களுக்கு வருவோம். அங்கே நான் பார்சர் கட்சி. `<[^>]*>` என்று போட்டு டேக்குகளை, அதாவது கோண அடைப்புக்குள் வரும் எச்டிஎம்எல் குறிகளை, நீக்கிவிட்டேன் என்பார்கள். படத்தின் மாற்று உரையில் மேற்கோளுக்குள் ஒரு `>` இருந்தால் போச்சு. கமெண்டுக்குள் ஒன்று இருந்தாலும் போச்சு. ஸ்க்ரிப்ட் டேக் போய்விடும், உள்ளே இருந்த நிரல் எழுத்தோடு எழுத்தாக உட்கார்ந்திருக்கும். பத்தி, பட்டியல் உருப்படி, அட்டவணைக் கட்டம் போன்றவற்றுக்கு மூடும் டேக்கே எழுதாமல் விடலாம் என்று எச்டிஎம்எல் விதியே அனுமதிக்கிறது. அப்புறம் எந்த மூடலைத் தேடி நிற்பது? பெர்லின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் ஆவணமே இதற்கு ரெஜெக்ஸ் வேண்டாம் என்று சொல்லி, எச்டிஎம்எல்லுக்கென்றே எழுதிய தொகுப்புகள் பக்கம் கைகாட்டுகிறது. 2007இல் வந்த பெர்ல் 5.10 முதல் ரெஜெக்ஸுக்குள்ளேயே மறுசுழல் (தன்னையே மீண்டும் அழைப்பது) எழுதலாம், ஒன்றுக்குள் ஒன்றான அடைப்புகளைக்கூடப் பிடிக்கலாம். இருந்தாலும் மூடாமல் விட்ட டேக்குக்கு அது மருந்தில்லை. பெர்ல் தொகுப்புகளின் களஞ்சியமான சிபேனில் மோஜோ::டாம் என்ற பார்சர் இருக்கிறது, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் தெரிந்தவர்களுக்குப் பழக ஒரு மாலை போதும். பார்சர் எழுத்தை வெளியே எடுத்துக் கொடுத்த பிறகு, அந்த எழுத்துக்குள் தேதியையும் விலையையும் தேட மறுபடி ரெஜெக்ஸ்தான் வரும்.

தமிழ்ப் பக்கங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்கள் எதிலும் இது கிடைக்காது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீடு பரவுவதற்கு முன்பு, ஆங்கில விசைகளின் குறிகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்த பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கங்கள் இன்னும் எத்தனையோ வட்டுகளில் கிடக்கின்றன. பாமினியில் 'ஈ' என்ற எழுத்து இருப்பது `<` விசையில். காற்புள்ளி இருப்பது `>` விசையில். அப்படியே எழுதினால் உலாவியே அதை டேக் என்று நினைத்து விழுங்கிவிடும் என்பதால், பக்கத்துக்குள் 'ஈ' என்டிட்டியாகத்தான், அதாவது அந்தக் குறிக்குப் பதிலாக எழுதும் மாற்றுக் குறியீடாகத்தான் இருக்கும். இப்போது ஒருவர் என்டிட்டிகளை முதலில் அவிழ்த்துவிட்டு, அப்புறம் டேக் நீக்கும் பேட்டர்னை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஈரோடு, சேலம்" என்று இருந்த இடத்தில் ஈரோடும் காற்புள்ளியும் காணாமல் போய், சேலம் மட்டும் மிஞ்சும். பிழைச் செய்தி எதுவும் வராது. முதலில் டேக்கை நீக்கு, பிறகு என்டிட்டியை அவிழ், கடைசியில் யூனிகோடுக்கு மாற்று. இந்த வரிசை மாறவே கூடாது.

மாற்றும் வேலையிலும் ரெஜெக்ஸ்தான் கைகொடுக்கும். பாமினியில் 'ரோ' என்பது கொம்பு, ரகரம், கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மூன்று விசை. யூனிகோடில் ரகரம் முதலில், ஓகாரக் குறி பின்னால். மூன்றையும் சேர்த்துப் பிடித்து இடம் மாற்றிவிட்டு, அதன் பிறகே தனிக் காலைத் தொட வேண்டும். காலை முதலில் மாற்றினால் 'ரோ' உடைந்து, கொம்பு தனியாகவும் 'ரா' தனியாகவும் நிற்கும்.

பெர்லை இன்னும் ஏன் சொல்லித் தருகிறாய் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். கோப்பைப் படிக்கும்போது டிகோட் செய்து பைட்டுகளை எழுத்துகளாக்கிவிட்டால் பெர்லின் சொல்லெழுத்து வகை (`\w`) மெய்யின் மேல் வரும் புள்ளியையும் உயிர்க்குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். பைத்தானோடு வரும் ரெஜெக்ஸ் தொகுப்பில் அதே வகையைப் போட்டால் 'தமிழ்' என்ற சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டாக வெட்டுப்படும். நம் மொழியை வெட்டாத கருவியை நம் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு?

நம்மூர் டிடிபி சென்டர்களிலும் சிற்றிதழ்க்காரர்கள் வீட்டிலும் பழைய பாமினிப் பக்கங்கள் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருக் கோப்பையும் கூடவே வையுங்கள். மாற்றித் தரச் சொல்லி யாரிடம் கொடுத்தாலும், மூலத்தின் ஒரு நகலை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.