கான்ஸ்டபிள் பாரிஸுக்குப் போகவேயில்லை

1824ஆம் ஆண்டு பாரிஸ் சலோன் என்ற ஓவியக் கண்காட்சிக்கு ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் நேரில் போய், அங்கேயே 'ஹே வெய்ன்' ஓவியத்தை வரைந்து தங்கப் பதக்கம் பெற்றார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பதக்கம் மட்டும்தான் உண்மை. கான்ஸ்டபிள் வாழ்நாளில் இங்கிலாந்தை விட்டு வெளியேறியதே இல்லை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டவர் ஆற்றங்கரைக் காட்சிதான் அந்த ஓவியம். ஆற்றோரம் தீட்டிய சிறு படங்களைக் கொண்டு லண்டனில் தன் ஓவியக்கூடத்தில் அதை முடித்தார். 1821இல் லண்டனின் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தபோது வாங்க ஆளில்லை. (உள்ளூரில் விலைபோகாத சரக்குதான்!) பிறகு ஜான் ஆரோஸ்மித் என்ற பாரிஸ் வணிகர் வாங்கிக்கொண்டு போனார். சலோனில் பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா போன்றோர் அந்த வண்ணங்களைக் கண்டு வியந்தார்கள். பதக்கத்தை வழங்கியவர் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ். ஆகவே 1824 என்பது ஓவியம் பாரிஸில் காட்சிக்கு வந்த ஆண்டு, வரையப்பட்ட ஆண்டு அல்ல.