கதவு மூடினதுக்குக் கை தட்டாதேங்கோ

அந்த ஐரி (கணினித்துறை) நிகழ்வில மேடையேறின கம்பனிக்காரர் சொன்னதையும், மண்டபம் முழுக்கக் கை தட்டினதையும் வீடியோவில பார்த்திருப்பியள். "அமெரிக்கா கதவை மூடினது எங்களுக்கு நல்லது, இனிப் பிள்ளையள் நாட்டிலேயே நிப்பினம்." இரவு எனக்கு நித்திரையே வரேல்லை.

2025 செப்ரெம்பரில ட்ரம்ப் கையெழுத்து வைச்ச பிரகடனத்தின்படி, வெளிநாட்டில இருக்கிற ஒருத்தருக்குப் புதுசா எச்-1பி எண்ட வேலை விசா கேக்கிற கம்பனி ஒரு இலட்சம் டொலர் கட்டவேணும். எங்கட இலங்கைக் காசில மூண்டு கோடி ரூபாய். முதலும் அது அகலத் திறந்த கதவு இல்லை. வருசத்துக்கு 65,000 இடம், அங்க மாஸ்டர்ஸ் படிச்சவைக்கு இன்னும் 20,000. முழு உலகத்துக்கும் சேர்த்து லொத்தர். கொழும்பு தெமட்டகொடையில இருந்து விடிய ரெண்டு மணிக்கு அமெரிக்காக்காரனோட கோல் பேசுற பிள்ளைக்கு அது ஒரு சின்ன வழி. அது அடைபட்டதுக்கா கை தட்டினனீங்கள்? போக வழியில்லாமல் இருக்கிறதும் விரும்பி நிக்கிறதும் ஒண்டில்லை.

என்ர தம்பி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில படிச்சவன், அங்க எச்-1பியில இருந்தவன். கம்பனி ஆள் குறைச்சுது. அந்த விசா முதலாளியோட கட்டின விசா. 60 நாளுக்குள்ள இன்னொரு கம்பனி மனுப் போடவேணும், இல்லாட்டி வெளிக்கிடவேணும். ஒண்டும் சரிவரேல்லை. காரை வித்து, மகளைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு அம்மாவிட்ட வந்திட்டான். இங்கயே நிக்கிற எண்ணத்தோடதான் வந்தவன். கொழும்பில ஒரு இன்ரவியூவில கேட்டவை, "அங்க என்ன பிழை விட்டனீங்கள், ஏன் அனுப்பினவை?" இன்னொரு இடத்தில, சிங்களம் எழுதத் தெரியுமோ எண்டு. புரோகிராம் எழுதுற வேலைக்கு! இப்ப மெல்பேணுக்கு விண்ணப்பிச்சிருக்கிறான். அவனை நான் மறிக்கேல்லை.

அமெரிக்கனின்ர வேலை போகுதே எண்டு கேட்டால், நியாயம் இருக்கு. குறைஞ்ச சம்பளத்துக்கு ஆளை இறக்கி, இருந்தவையை வீட்ட அனுப்பின கம்பனியள் இருக்கு. அந்தக் கம்பனியளைப் பிடிக்கட்டும்.

ஆனால் "இலவசக் கல்வியில படிச்சுப்போட்டு ஓடுறது நன்றிகெட்ட வேலை" எண்டு கீழ வந்து எழுதப்போறவைக்குச் சொல்லுறன். 2022 ஏப்ரலில, காஸுக்கும் பெற்றோலுக்கும் நாங்கள் வரிசையில நிண்டபோது, வெளிநாட்டில இருக்கிற ஆக்களிட்டக் காசு அனுப்பச் சொல்லிக் கேட்டது எங்கட மத்திய வங்கி ஆளுநர். அப்ப அவையை ஓடினவை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இங்க நிக்கிறவையும் சும்மா நிக்கேல்லை, சம்பளம் கூடினால் 36 வீதம் வரைக்கும் வரி கட்டினம்.

நாட்டுப்பற்றை எங்களுக்குப் படிப்பிக்க வேண்டாம். 83 ஜூலைக் கலவரத்தில எங்கட வீடு எரிஞ்சது. அகதியாக் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போன அப்பா, திரும்பி வந்து கொழும்பில அதே கந்தோரில வேலை செய்தவர். மாமா கனடாவுக்குக் கூப்பிட்டும் போகேல்லை. அவர் விரும்பி நிண்டவர், ஒருத்தரும் கதவைப் பூட்டி நிப்பாட்டேல்லை. அந்த மனுசன்ர பிள்ளைக்கு இண்டைக்கு மேடையில இருந்து பாடம் எடுக்கினம்.

அந்த ஐயா தன்ர கம்பனியில புதுசாச் சேருற பிள்ளைக்கு எவ்வளவு குடுக்கிறார்? வெளிநாட்டால திரும்பி வந்த எத்தினை பேரை வேலைக்கு எடுத்தவர்? இந்த ரெண்டையும் எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். கொமென்ற்றில அவரை ராக் பண்ணியிருக்கிறன்.