நெகட்டிவ் ஸ்பேஸில் வண்ணம் இருக்கலாம்

"தூரிகை படாமல் விட்ட இடம்தான் நெகட்டிவ் ஸ்பேஸ், ஏக்கத்தைக் காட்ட பாதித் தாளை வெறுமையாக விட்டால் போதும்" என்ற கருத்து ஓவியம் வரைபவர்களிடையே பலமுறை பகிரப்பட்டிருக்கிறது. அது சரியல்ல. உருவங்களைச் சுற்றியும் அவற்றுக்கு இடையிலும் உள்ள பரப்பு முழுவதும் நெகட்டிவ் ஸ்பேஸ்தான். அதில் வண்ணம் இருக்கிறதா என்பது கணக்கில் வராது.

அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத் 1948-ல் வரைந்த 'கிறிஸ்டினாவின் உலகம்' ஓவியத்தைப் பாருங்கள். கீழே இடப்பக்கம் முதுகைக் காட்டித் தரையில் கிடக்கும் பெண். மேலே வலப்பக்கம், தொலைவில் வீடு. நடுவிலுள்ள புல்வெளி வெறுமையானதல்ல, முட்டை டெம்பராவில் (முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணத்தில்) இழை இழையாகத் தீட்டியது. ஏக்கம் நிற்பது அங்கேதான்.

சோதிக்க விரும்பினால், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத் தளத்தில் இந்தப் படத்தைத் திறந்து புல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ஒரு பிரதி எடுத்து, பெண்ணையும் கட்டடங்களையும் கருப்பாக நிரப்பி, மற்றதையெல்லாம் ஒரே பழுப்பாக்குங்கள். புல் மறைந்தாலும் தூரம் குறையாது. அடுத்து பெண்ணை வெட்டி வீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: ஏக்கம் போய், யாரோ முற்றத்தில் உட்கார்ந்திருப்பதாகிவிடும். அவளை வலது ஓரத்துக்குத் தள்ளினாலும் கெடும். இடைவெளி அவள் பார்க்கும் திசையில் இல்லாமல் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. பாதித் தாளை வெறுமையாக விட்டு நாம் வரையும் படம் 'முடிக்காதது' போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.