அக்டோபர் வானத்தை நம்பி ஒரே ஜாக்கெட்டா?
அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலையேற்றச் சுற்றுப்பாதைக்குப் போகிறவர்களுக்கு மழைக்கோட்டு வீண் சுமை, இறகு நிரப்பிய தடிமனான டவுன் ஜாக்கெட் ஒன்றே போதும் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம்தான் இரண்டே நாளில் அந்தப் பாதையில் இருக்கும் தோரங் லா கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்த மலைப்பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள், அதுவும் மலையேற்றத்துக்கு இதைவிட நல்ல மாதம் இல்லை என்று எல்லோரும் சொல்கிற மாதத்தில். பாதை தொடங்கும் பெசிசஹர் 1,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, கணவாய் 5,416 மீட்டரில். கீழே வியர்த்து ஊற்றும், மேலே பாட்டில் தண்ணீர் உறையும். டவுன் ஜாக்கெட் நனைந்துவிட்டால் உள்ளே இருக்கும் இறகு கட்டிதட்டிப் போய் சூடே நிற்காது. அதை மூட, காற்றும் ஈரமும் புகாத மெல்லிய மேல்கோட்டு கட்டாயம் வேண்டும். வழியில் இருக்கும் மனாங் ஊரைத் தாண்டிய ஏற்றங்களில் நான் ஃபிளீஸை (உள்ளே போடும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை) கழற்றிவிட்டு, மேல்கோட்டின் அக்குள் ஜிப்பைத் திறந்துவைத்துத்தான் நடந்தேன். ஓய்வுக்கு நின்றால், வியர்வை குளிர்வதற்குள் ஃபிளீஸை மறுபடி மாட்டிக்கொள்வேன். அப்புறம், எனக்கு முன்னால் இங்கே கருத்து எழுதிய ஒரு வாசகர் பருத்தி பனியன்தான் உடம்புக்கு இதம் என்கிறார். ஊரில் சரி. அங்கே முதுகுப்பை அழுத்துகிற இடத்தில் வியர்வை ஊறி, ராத்திரி முழுக்க விடுதியில் தொங்கவிட்டாலும் காலையில் ஈரமாகவே இருக்கும். மெரினோ கம்பளியிலோ பாலியஸ்டரிலோ இரண்டு பனியன் எடுத்துப் போங்கள். கையுறையும் இரண்டு அடுக்காக இருக்கட்டும். தடித்த உறையோடு ஷூ லேஸ் கட்ட வராது, வெறுங்கையோடு கட்டினால் அந்த விடியற்காலைக் குளிரில் விரல் மரத்துப்போகும், அதனால் உள்ளே மெல்லியது ஒன்று தேவை.