காலை இழுத்து நடந்த கடவுள்

அங்பாண்ட் கோட்டை வாசலில் ஃபிங்கோல்ஃபின் தன்னந்தனியாகக் குதிரையில் வந்து நிற்கிறான். நோல்டோர் என்ற எல்ஃப் குலத்தின் பேரரசன். தன் மக்களின் காவல் அரண்கள் தீயில் கருகிப்போன ஆத்திரத்தில், படையைக் கூட்டாமல் புறப்பட்டு வந்தவன். கொம்பை ஊதுகிறான், வெண்கலக் கதவை இடிக்கிறான், உள்ளே இருப்பவனைக் கோழை என்றும் அடிமைகளுக்குத் தலைவன் என்றும் ஏசி, வெளியே வந்து தனியாகச் சண்டையிடச் சொல்கிறான். உள்ளே இருப்பவனோ உலகம் உருவாவதற்கு முன்பிருந்தே இருப்பவன்; தேவர்களுக்குள் ஆற்றலில் எல்லோரையும் விட மேலானவனாகப் படைக்கப்பட்டவன். ஆனாலும் அவனுக்கு வெளியே வர மனமில்லை. தளபதிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த ஏச்சைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக, பாதாளத்து அரியணையிலிருந்து எழுந்து, மெல்லப் படியேறி வருகிறான். வாலார் எனப்படும், உலகுக்குள் இறங்கி வந்த பெருந்தேவர்களில் அச்சம் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே என்று அந்த இடத்தில் ஒரு குறிப்பு வருகிறது.

உள்ளே இருந்தவன் மெல்கோர். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த உலகின் வீழ்ந்த கடவுளான அவனைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். பலரும் தொடக்கத்திலிருந்து பேசுவார்கள்: இசையைக் குலைத்தான், உலகுக்கு ஒளி தந்த விளக்குத் தூண்களைச் சாய்த்தான், அவற்றுக்குப் பின் வந்த ஒளி மரங்களைக் கொன்றான், கடைசியில் வெறுமைக்குள் தூக்கி எறியப்பட்டான், ஆகவே வீழ்ந்தான் என்று. எனக்கு அந்த வரிசையில் உடன்பாடு இல்லை. அவனை யாரும் கீழே தள்ளவில்லை. அவன் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே செலவழித்துத் தீர்த்தவன். தூக்கி எறியப்பட்ட நாளில் எறிவதற்கு அவனிடம் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. தொன்மக் கதைகளில் வரும் மற்ற தீய சக்திகளிடமிருந்து அவனை வேறுபடுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழில் அவனை ‘அசுரன்’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சொல் அவனுக்குப் பொருந்தவில்லை. நம் கதைகளில் அசுரன் தவம் இருப்பான், வரம் பெறுவான், அவன் ஆற்றல் வெளியிலிருந்து வந்து சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். ஒரு நாள் சட்டென்று முடிவு வரும். மெல்கோரின் கணக்கு தலைகீழானது. அவன் தொடங்குவதே உச்சத்தில். அதன் பிறகு இறங்குமுகம் மட்டுமே.

அந்த உச்சம் எப்படிப்பட்டது என்பதைப் படைப்பின் இசையில் பார்க்கலாம். முழுமுதலான இலுவதார் ஒரு கருப்பொருளைக் கொடுத்து, ஐனுர் எனப்படும் தேவர்களை அதை விரித்துப் பாடச் சொல்கிறார். மெல்கோருக்கு மற்ற எல்லோருடைய திறமையிலும் ஒரு பங்கு உண்டு. ஆனால் உயிர் கொடுக்கும் அழியாச் சுடர் தனக்கே வேண்டும் என்ற தவிப்பில் அவன் அடிக்கடி வெறுமைக்குள் தனியே போய்த் தேடியிருக்கிறான். அது இலுவதாரிடம் இருந்தது. ஆகவே அவனுக்குக் கிடைக்கவில்லை. தனியே அலைந்ததில் அவனுக்கெனத் தனி எண்ணங்கள் முளைத்தன. அவற்றை இசைக்குள் நுழைக்கிறான், சுருதி குலைகிறது.

‘அவன் சுதந்திரமான கலைஞன், மேலே இருந்தவர் சர்வாதிகாரி’ என்று வாதிடுபவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்தக் கருப்பொருளுக்கும் மூலம் என்னிடமே இருக்கிறது, அதை மாற்ற முயல்பவன் என் கருவியாகவே ஆவான் என்று இலுவதார் சொல்வது, கேட்பதற்கு அவ்வளவு இனிமையான பேச்சு அல்ல. ஆனால் மெல்கோர் உண்மையில் என்ன பாடினான் என்பதைப் பற்றிய வர்ணனையைக் கவனித்துப் படித்தால் இந்த வாதம் நிற்பதில்லை. அவனுடைய இசை உரத்தது, வெறுமையானது, திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பது. பல எக்காளங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு சில சுரங்களையே அலறுவது போன்றது. புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று துடித்தவன் கடைசியில் சத்தத்தைத்தான் கூட்டினான். எதிர்த்து எழுந்த இசையோ அவனுடைய வெற்றிச் சுரங்களையே எடுத்துத் தன் கோலத்துக்குள் பின்னிக்கொண்டது. கலைஞன் என்ற பட்டத்தை அவனுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான கலைஞனைப் பார்க்க வேண்டுமானால் கைவினைக்கு உரிய தேவனான அவுலேயைப் பாருங்கள். இருவருக்கும் கையில் ஒரே வகைத் தினவு, செய்வதில் ஒரே வகை வேகம். அவுலேயும் அனுமதி இல்லாமல் ஓர் இனத்தையே செய்துவிடுகிறான். குள்ளர் குலத்தின் தந்தையர் எழுவர் அப்படி மலையடியில் உருவானவர்கள்தாம். இலுவதார் கேட்டதும், அழுதுகொண்டே சுத்தியலை ஓங்குகிறான், தான் செய்ததைத் தானே நொறுக்க. அந்தச் சிறிய உருவங்கள் அடிக்குப் பயந்து ஒடுங்கிக் கெஞ்சுகின்றன. அந்த நொடியில்தான் அவற்றுக்குச் சொந்த உயிர் இருப்பது தெரிகிறது, ஏனென்றால் இலுவதார் அதற்குள் கொடுத்துவிட்டார். மீறல் என்ற அளவில் இது மெல்கோர் செய்ததற்குச் சற்றும் குறைந்தது அல்ல. ஆனால் அவுலேக்குத் தன் கையால் ஆன பொருள்மேல் ஆசை இருந்தது, அது தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற பிடி இல்லை. மெல்கோரிடம் அந்தப் பிடியைத் தவிர வேறெதுவும் இல்லை.

இங்கே பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் படைப்புக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. இசை முடிந்த பிறகு, நீருக்கு உரிய தேவனான உல்மோவிடம் இலுவதார் பேசுகிறார். மெல்கோர் அளவு கடந்த குளிரை நினைத்து உன் எல்லைக்குள் போர் தொடுத்தான். ஆனால் பார், பனித்துகளும் உறைபனியின் நுண்வேலைப்பாடும் பிறந்திருக்கின்றன. அடங்காத வெப்பத்தை ஏவினான். ஆனால் பார், மேகங்கள் எழுந்திருக்கின்றன, மண்ணில் மழை விழும் ஓசையைக் கேள். இதுதான் அந்தப் பேச்சின் சாரம். பனியை என் மனம் கற்பனைகூடச் செய்ததில்லை என்று உல்மோ வியந்து போகிறான். ஓர் எதிரியை இதைவிட ஆழமாக அவமதிக்க முடியுமா என்று தெரியவில்லை. அவன் அழிக்க நினைத்துச் செய்தது அழகாகிவிட்டது, அது அழகு என்பதுகூட அவன் கண்ணில் படவில்லை.

இனி அவன் செலவழிந்த கதைக்கு வருகிறேன். டோல்கீன் இந்தத் தொன்மத்தை முதல் உலகப் போர்க் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார். அப்போது இவன் பெயர் ‘மெல்கோ’. நமக்குத் தெரிந்த வடிவம் அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1977-இல், மகன் கிறிஸ்டோபரின் தொகுப்பில் ‘சில்மரில்லியன்’ என்ற பெயரில் வெளிவந்தது. ஆனால் மெல்கோரைப் பற்றி அவர் மிகக் கூர்மையாக யோசித்தது 1950-களின் இறுதியில் எழுதிய குறிப்புகளில். அவை 1993-இல் வந்த தொகுதியில்தான் அச்சேறின. அந்தத் தொகுதிக்கு ‘மோர்காத்தின் மோதிரம்’ என்றே பெயர்; மோர்காத் என்பது மெல்கோரின் பிற்காலப் பெயர்.

அந்தக் குறிப்புகளின் வாதம் இது. மெல்கோரின் பணியாளாக இருந்து பின்னாளில் தானே இருளின் தலைவனான சவுரான், தன் ஆற்றலின் பெரும்பகுதியை ஒரே மோதிரத்துக்குள் செறித்து வைத்தான். ஆகவே அது நெருப்பில் விழுந்ததும் அவன் முடிந்தான். மெல்கோர் தன் ஆற்றலை உலகத்தின் பருப்பொருள் முழுவதிலும் கரைத்து ஊற்றினான். கதை நடக்கும் நிலமான மத்திய பூமி முழுவதுமே அவனுடைய மோதிரம். உலகம் தன் சொல் கேட்க வேண்டும் என்றால் உலகத்துக்குள் தான் இருக்க வேண்டும், அதற்குத் தன்னிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். எடுத்துக் கொடுத்த ஒவ்வொரு முறையும் அவன் கையிருப்பு குறைந்தது. ஓர்க்குகள் எனும் தன் படை இனத்தை இழுத்துப் பிடிக்கவும் டிராகன்களை வளர்க்கவும் மலைகளைத் தூக்கி நிறுத்தவும் ஆன செலவு எதுவும் திரும்பி வரவில்லை. இயல்பில் பல படி சிறியவனான சவுரான், இரண்டாம் யுகத்தில், முதல் யுக முடிவில் இருந்த மெல்கோரைவிட நடைமுறையில் வலியவனாக இருந்தான் என்று டோல்கீன் சொல்வது இந்தக் கணக்கின்படிதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய பக்கங்களைத் திரும்பப் புரட்டினால், எல்லாக் காட்சிகளும் வேறு மாதிரித் தெரிகின்றன. தொடக்கத்தில் உடையை மாற்றுவது போல உருவத்தை மாற்றியவன், ஒளி மரங்களைக் கொல்லப் புறப்பட்டபோது எடுத்த கொடுங்கோலனின் ஒரே உருவத்தில் நிரந்தரமாக மாட்டிக்கொள்கிறான். அந்த மரங்களின் ஒளியை அடக்கிய சில்மரில் மணிகளைத் திருடியபோது உள்ளங்கை கருகுகிறது, பிறகு ஆறவே இல்லை. அந்த மணிகளைப் பதித்த இரும்பு மகுடத்தின் பாரம் அவனைக் களைத்துப் போகச் செய்கிறது, ஆனாலும் தலையிலிருந்து அதை இறக்குவதில்லை. அந்த மணிகளைச் செய்த ஃபியனோர்தான், தன் தந்தை மெல்கோரின் கையால் கொலையுண்ட சேதி கேட்டு, ‘உலகின் கரிய பகைவன்’ என்ற பொருளில் ‘மோர்காத்’ என்ற பெயரை அவனுக்கு வைக்கிறான். ‘வலிமையில் எழுபவன்’ என்று பொருள்படும் பழைய பெயர் அதன் பின் எல்ஃப்களின் நாவில் வருவதில்லை. பெயர்கூட அவன் கையை விட்டுப் போய்விட்டது.

வாசலில் நடந்த சண்டையை முடித்துவிடுகிறேன். ஃபிங்கோல்ஃபின் அவனுக்கு ஏழு காயங்கள் தருகிறான். ஏழு முறையும் அவன் வலி தாங்காமல் கத்துகிறான். மூன்று முறை மண்டியிட்டு மூன்று முறை எழுந்த அரசன், கடைசியில் சம்மட்டி விழுந்து உண்டான குழி ஒன்றில் கால் தவறி விழுகிறான். கழுத்தின்மேல் மெல்கோர் காலை வைக்கிறான். சாகும் தறுவாயில் அரசன் வீசிய வாள் அந்தக் காலை வெட்டுகிறது. கரிய இரத்தம் குழிகளை நிரப்புகிறது. கழுகரசன் தோரோண்டோர் பாய்ந்து வந்து முகத்தைக் கீறிவிட்டு, அரசனின் உடலைத் தூக்கிச் செல்கிறான். அன்று முதல் மெல்கோர் ஒரு காலை இழுத்துத்தான் நடந்தான், காயங்களின் வலியும் தீரவில்லை. உடல் இல்லாமல் இருந்தவனுக்கு, உடல் ஒன்றைச் சிறையாக்கிக்கொண்டதால் கிடைத்த கூலி அது. வென்றவன் அவன்தான் என்பதை எத்தனை முறை படித்தாலும் நான் மறந்துவிடுகிறேன்.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ஒளி மரங்களைக் கொல்வதற்கு முன்பே ஒருமுறை பிடிபட்டு மூன்று யுகங்கள் சிறையில் இருந்தவனை, வாலார்களின் அரசனான மன்வே மன்னித்து வெளியே விடுகிறான். தீமை என்பதே அவன் இயல்பில் இல்லாததால் சகோதரனின் நடிப்பைக் கண்டுகொள்ள முடியவில்லை என்பது காரணம். நல்லவனுக்குக் கெட்டது புரியாது என்பது அழகான எண்ணம்தான். ஆனால் விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் எல்ஃப்களும் மனிதர்களும். அங்பாண்டில் கல் இருக்கையில் கட்டுண்டு, மெல்கோரின் கண்களால் தன் பிள்ளைகளின் நாசத்தைப் பார்த்தபடி 28 ஆண்டுகள் இருந்த மனித வீரன் ஹூரினிடம் போய் மன்வேயின் நல்ல மனத்தை யாராலும் விளக்கிவிட முடியாது.

இறுதிப் போரில் வாலார்களின் படையினர் மெல்கோரைச் சுரங்கங்களின் அடியாழத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அவன் சமாதானம் கேட்கிறான், மன்னிப்புக் கேட்கிறான். பாதங்களை வெட்டி முகம் குப்புறத் தள்ளுகிறார்கள். மகுடத்தை அடித்து வளைத்துக் கழுத்துப் பட்டையாக்கி, இரவின் கதவு வழியாக வெறுமைக்குள் எறிகிறார்கள். அந்தப் போரில் பெலரியாண்ட் நிலப்பரப்பின் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. பொருளில் கலந்துவிட்டவனை வெட்டினால் பொருளும் சேர்ந்துதான் வெட்டுப்படும். எஞ்சிய மண்ணிலிருந்து அவனைப் பிரித்தெடுக்க யாராலும் ஆகவில்லை. அந்தப் பிற்காலக் குறிப்புகளில் டோல்கீன் ஒரு கணக்கும் போட்டிருக்கிறார்: தங்கத்தில் அவன் சாயல் மிகுதி, வெள்ளியில் அப்படி இல்லை. தொடக்கத்தில் அளவு கடந்த குளிரை ஏவிக் கெடுக்கப் பார்த்தானே, அந்தத் தண்ணீரில் மட்டும் அவன் அநேகமாக இல்லவே இல்லை.